அஸ்வதியின் குரல் மாதிரி

பெட்டியின் மேல் அஸ்வதியின் பெயர் இருந்தது. கூரியர்காரர் வாசலில் நின்று, "மேடத்துக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் சார்" என்றார். உள்ளே போய் அலமாரியில் இருந்த அவள் போனை எடுத்து எண்ணைப் படித்தேன். அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டு, ரீசார்ஜும் செய்து வைத்திருந்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

அஸ்வதி என் மனைவி. ஆடி மாதம் இறந்தாள். காலையில் தலைவலி என்றாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறேன். வீட்டில் இப்போது நானும் அப்பாவும் வைகாவும். வைகாவுக்கு மூன்று வயது.

பெட்டிக்குள் இருந்தது மினு. உருண்டையான சின்ன விளக்கு, உள்ளே ஸ்பீக்கர். குழந்தைகளுக்குக் கதை சொல்லும். புதிதாகத் தொடங்கிய ஏதோ கம்பெனியின் முதல் தயாரிப்பு. கடைக்கு வருமுன்பே பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். அம்மாவோ அப்பாவோ ஒரு கதையைச் சொல்லி, ஆப்பில் பதிவு செய்து அனுப்பலாம். அந்தக் கதை அப்படியே விளக்கில் இருக்கும். மற்ற கதைகளையும் விளக்கு அதே குரலில் சொல்லும்.

அஸ்வதி பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிப் போவதாக இருந்தது. "பகல்ல பிள்ளைக்கு ஆரு கத சொல்லுவா? உங்க அப்பாட்ட கேட்டா நெல்லு வெல சொல்லுவாரு" என்று விளக்குக்கு முன்பதிவு செய்தாள். பிறகு ஒரு சாயங்காலம் வந்து, "குரல் அனுப்பியாச்சு. ஞண்டு கதையத்தான் பறஞ்சேன்" என்றாள். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். "சரி" என்றேன்.

ஞண்டு கதை அவளாகக் கட்டியது. கடற்கரையிலிருந்து ஒரு நண்டு செருப்பு வாங்க வடசேரி சந்தைக்குப் பஸ் ஏறி வரும். எனக்கு அவ்வளவுதான் தெரியும். பக்கத்து அறையிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டது. அஸ்வதிக்கு மலையாள எல்லையை ஒட்டிய புதுக்கடைப் பக்கம். அங்கே நண்டு ஞண்டுதான். நாங்கள் தாழக்குடி. ஒரே மாவட்டம். ஆனாலும் எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்கு 'மலையாளம்' என்று பெயர். பெயர் வைத்தது அப்பா.

பெட்டியைப் பிரிக்கும்போது வைகாவிடம், "இதுல அம்மை ஞண்டு கத சொல்லும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பொத்தானை அமுக்கினேன். விளக்கு மஞ்சளாக எரிந்தது. "வணக்கம், செல்லமே! நான்தான் மினு. இன்று நாம் ஒரு கதை கேட்கலாமா?" என்றது. செய்தி வாசிக்கிற குரல்.

வைகா விளக்கைச் சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்த்தாள்.

"இது ஆரு?"

"மினு."

"அம்மை?"

"நாளைக்கு வரும்."

அவள் குளியலறைக்குப் போய்த் துண்டை எடுத்து வந்து விளக்கை மூடினாள்.

அஸ்வதியின் குரல் என்னிடம் வேறு இல்லாமல் இல்லை. வாட்ஸப்பில் இருக்கிறது. 'வரும்போ பால் வாங்கிட்டு வாங்க', 'கேஸ் வந்திச்சு', 'எவிடயாக்கும் நிக்கிது'. எல்லாம் எனக்கும் அவள் அம்மாவுக்கும் அனுப்பியவை. வைகாவோடு பேசியது ஒன்றுகூட இல்லை. கூடவே இருக்கிற பிள்ளைக்கு யாரும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதில்லை.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். தமிழுக்கு இரண்டை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்ற பெண் குரலும் ஒரு புல்லாங்குழலும் மாறி மாறி வந்தன. பிறகு தொடர்பு அறுந்தது. மறுநாள் காலேஜில் வகுப்பு இல்லாத நேரத்தில் வேப்பமரத்தடியில் பைக்கில் உட்கார்ந்து கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"ஆர்டர் அஸ்வதிங்கிற பேர்ல இருக்கு சார். அவங்ககிட்ட போனைக் குடுங்க."

"அவங்க இல்ல."

"எப்ப வருவாங்க சார்?"

பைக் டேங்கின் மேல் கிடந்த வேப்பிலைச் சருகைத் தட்டிவிட்டேன்.

"அவங்க வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

சாயங்காலத்துக்குள் அவள் போனுக்குச் செய்தி வந்தது. 'அன்புள்ள அஸ்வதி, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

எனக்கு மட்டும் இப்படி இல்லை. வாங்கியவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று விளக்கு போயிருந்தது. ஒருவருக்குக் காலிப் பெட்டி. கோயம்புத்தூரில் ஒரு பெண், தன் குரலை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் யாரோ ஒரு தகப்பனின் குரல் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். 'மூக்கடைப்போடு ராஜா கதை சொல்கிறார். என் மகனுக்கு அவரைப் பிடித்துவிட்டது.' எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது, அஸ்வதியும் எங்கோ ஒரு வீட்டில் வேறு பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. அது அவ்வளவு மோசமாகப் படவில்லை. ஆனால் வைகா தினமும் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினாள்.

அப்பா கதை சொல்லிப் பார்த்தார். அப்பாவின் பெயர் கைலாசநாதன். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஒரு ஊர்ல ஒரு நண்டு இருந்துச்சாம்."

"ஞண்டு."

"சரிட்டி, ஞண்டு. அது வடசேரிக்குப் போச்சு. செருப்பு வாங்கிச்சு. வந்திட்டு."

"அப்படி இல்ல தாத்தா."

"பின்ன எப்படி?"

வைகாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவதையும் வருவதையும் அப்பா கவனித்திருக்கிறார். ஒரு நாள் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். "ஏலே பத்மா, அந்த வெளக்குக் கம்பெனிக்காரன்ட்ட ஏன் மல்லுக்கட்டுக? ரூவா போனா போட்டும். விட்டுத் தள்ளு."

"ம்" என்றேன். அவர் பணத்துக்காக என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சை ஓட்டியது அஸ்வதிதான். அவள் போனபின் குழம்பு, உப்பு, மழை, வைகா என்று நாலைந்து சொற்களில் நாள் போனது.

அடுத்த முறை கூப்பிட்டபோது உண்மையைச் சொன்னேன். அவள் இறந்துவிட்டாள், விளக்குகூட வேண்டாம், அவள் அனுப்பிய பதிவு மட்டும் வேண்டும் என்றேன். எடுத்தவர் ஒரு இளைஞர். "உங்கள் உணர்வுகளை நாங்கள் புரிந்துகொள்கிறோம்" என்று எழுத்துத் தமிழில் சொன்னார். இறப்புச் சான்றிதழை ஆப்பில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். பச்சை நிறத்தில் ஒரு சரி குறி வந்தது. அதன் கீழே, 'வாழ்த்துகள்! ஆவணம் ஏற்கப்பட்டது.'

மறுநாள் அவள் போனுக்கு வந்த செய்தி நீளமாக இருந்தது. கணக்கு வைத்திருப்பவர் மறைந்துவிட்டதால் கணக்கு மூடப்படுகிறது. மூடும் பணி வெள்ளிக்கிழமை முடியும். அவருடைய தகவல்களின் பாதுகாப்பு கருதி, குரல் மாதிரி உட்பட எல்லாம் நிரந்தரமாக அழிக்கப்படும்.

அன்று வியாழக்கிழமை.

லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்து கூப்பிட்டேன். வைகாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் துவைக்கிற கல்லின்மேல் வைத்திருந்தேன். புல்லாங்குழல் முடிந்து அதே இளைஞர் வந்தார்.

"கணக்கு மூடுறதை நிறுத்த முடியாது சார். சிஸ்டம் தானா செய்யுது."

"மூடுறதுக்கு முன்னாடி அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்க."

"பார்க்கிறேன் சார்." தட்டுகிற சத்தம். "சார், தமிழ்ல அவங்க பேருக்குக் குரல் மாதிரியே இல்ல. ரெண்டு தடவை முயற்சி பண்ணியிருக்காங்க. ரெண்டும் ஏறல. அவங்க அனுப்பவே இல்ல சார்."

"அனுப்பினேன்னு எங்கிட்ட சொன்னா."

"எங்ககிட்ட இல்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வைகாவின் தலையில் சோப்பு அப்படியே இருந்தது. "கண்ணு எரியுது" என்றாள். தண்ணீர் ஊற்றினேன். அப்பா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"நீ இதுக்காலே அலஞ்சுக்கிட்டு இருந்த? அவ சத்தத்துக்கா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

நான் துண்டைத் தேடினேன். அது விளக்கின் மேல் இருந்தது.

"தமிழ்ல எப்படிலே இருக்கும்?" என்றார் அப்பா. "அவ மலையாளத்துலல்லா போட்டா."

அப்பா சொல்லித்தான் தெரிந்தது. அவள் குரல் பதிந்த அன்று மழை. அப்பா அடுக்களையில் கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பலாச்சக்கை அறுத்துக்கொண்டிருந்தார். அஸ்வதி வைகாவை மடியில் வைத்துக்கொண்டு போனில் கதை சொன்னாள். முடித்ததும், 'நீங்கள் தேர்ந்தெடுத்த மொழி தமிழ். உங்கள் பேச்சு தமிழோடு பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்' என்று வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். மறுபடியும் அதேதான் வந்தது. அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, நான் சொன்னா கோவிப்ப. மெஷினே சொல்லிட்டு, நீ பேசுகது மலையாளம்னு." அஸ்வதிக்கு ரோஷம். "உங்களுக்கும் தமிழில்ல, மெஷினுக்கும் தமிழில்ல. அப்ப மலையாளத்துலயே கெடக்கட்டு" என்று மொழியை மாற்றிவிட்டு, அதே கதையை அதே பேச்சில் மறுபடி சொன்னாள். உடனே ஏற்றுக்கொண்டது.

"நான் சும்ம கெடந்திருக்கணும்" என்றார் அப்பா. "நான் அவளக் கேலி செய்யாம இருந்தா அவ ஒழுங்கா தமிழ்லயே நின்னிருப்பா. இப்ப பாரு."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வைகாவுக்குச் சட்டை போட்டுவிட்டேன். பிறகு ஸ்பீக்கரிலேயே மறுபடி எண்ணைப் போட்டேன். மலையாளத்துக்கு ஐந்து. இவ்வளவு நாளும் அந்த ஐந்தைக் கேட்டுவிட்டுத்தான் காத்திருந்திருக்கிறேன்.

இங்கே புல்லாங்குழல் இல்லை. உடனே எடுத்தார்கள்.

"நமஸ்காரம், ஸ்ரீஜித்தாணு. பறஞ்ஞோளூ."

என் மலையாளம் சினிமா பார்த்து வந்தது. ஆர்டர் நம்பரைச் சொன்னேன். அஸ்வதியின் போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த மலையாளம் தீர்ந்துவிட்டது. "பார்யை... மரிச்சு போயி" என்றேன். "அவளோட சவுண்ட் வேணும்."

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது.

"சேட்டன் தமிழ்ல சொல்லுங்க" என்றார் ஸ்ரீஜித். "எனக்கு பாறசாலை, எல்லையிலதான். அம்மை மார்த்தாண்டத்துக்காரி."

சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. உணர்வுகளைப் புரிந்துகொள்வதாகவும் சொல்லவில்லை.

"செருப்பு வாங்கப் போன ஞண்டா?" என்றார்.

அப்பா போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது இவ்வளவு நாளும் என்கிட்டதான் கெடக்குது சேட்டா. இங்க வந்ததும் மேல உள்ளவங்க கேட்டுட்டு, இது மலையாளம் இல்ல, தமிழ், தமிழுக்கு அனுப்புன்னு பறஞ்சாங்க. அனுப்பினேன். தமிழ்க்காரங்க இது தமிழ் இல்லன்னு திருப்பி விட்டாங்க. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்துச்சு. தள்ளிவிடவும் மனசு வரல. எங்க அம்மை பேசுற மாதிரியே இருந்துச்சு. அதான் அப்படியே வச்சிருந்தேன்."

"அத எனக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல. ஏத்துக்கலாம், இல்லன்னா ரிஜெக்ட் செய்யலாம். ரெண்டுதான் எனக்குப் பொத்தான்."

"அப்ப ஏத்துக்குங்க."

"ஏத்துக்கிட்டா கம்பெனி சொத்தாகிடும் சேட்டா. நாளைக்கு கணக்கு மூடும்போ கூடப் போயிரும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரிஜெக்ட் செய்தா வேற. நீங்க பேசினதை நீங்களே கேட்டுப் பாருங்க, தப்பைத் திருத்தி மறுபடி பேசுங்கன்னு சொல்லி, அந்தப் பதிவை அனுப்பினவங்க நம்பருக்கே சிஸ்டம் தானா திருப்பி அனுப்பும். சேச்சியோட நம்பர் இப்பவும் உண்டா?"

"உண்டு."

"நிராகரிக்கட்டா?"

"செய்யுங்க."

"காரணம் ஒண்ணு குறிக்கணும். மொழி பொருந்தலன்னு போட்டா மறுபடி தமிழ்க்காரங்க பக்கம் ஓடிடும். வேற..." அவர் படித்தார். "இரைச்சல். தெளிவின்மை. பின்னணியில் வேறொருவர் குரல்." படிப்பதை நிறுத்தினார். "சேட்டா, இதுல நடுவுல ஒரு பெரியவர் பேசிக்கிட்டே இருக்காரு. ஆரு அது?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"என் அப்பா."

"அவர்கிட்ட சொல்லுங்க, அவராலதான் இது ரிஜெக்ட் ஆகுதுன்னு." ஸ்ரீஜித் சிரிக்கிற மாதிரி இருந்தது. "அவர் வாயப் பொத்தியிருந்தா எனக்குக் காரணம் கெடச்சிருக்காது."

பிறகு அவர் மறுபடி கம்பெனி ஊழியராக மாறி, "மினுவைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி" என்று மலையாளத்தில் சொல்லி வைத்துவிட்டார். பெயரைத் தவிர அவரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நட்சத்திரம் கேட்டு ஒரு செய்தி வந்தது. முதல் முறையாகப் போட்டேன்.

அஸ்வதியின் போனைத் தரையில் வைத்துவிட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். வைகா எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்தாள். திரை இருண்டுவிடாமல் அப்பா அடிக்கடி விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"வருமாலே?"

"வரும்."

வந்தது. 'அன்புள்ள அஸ்வதி, வருந்துகிறோம். உங்கள் குரல் மாதிரி நிராகரிக்கப்பட்டது. காரணம்: பின்னணியில் வேறொருவர் குரல். நீங்கள் பேசியதைக் கீழே கேட்கலாம்.'

முதலில் என் போனுக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று என்று மாற்றி வைத்துக்கொண்டேன். பிறகுதான் அமுக்கினேன்.

மழைச் சத்தம். எங்கள் அடுக்களைத் தகரத்தில் விழுகிற மழை. சக்கையைக் கிழிக்கிற சத்தம். "மாமா, இது மூணாந் தடவையாக்கும். மிண்டாம இரியுங்கோ, உங்க சத்தம் கேக்கப்பிடாது" என்றாள் அஸ்வதி.

வைகா போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

நண்டு பஸ் ஏறியது. கண்டக்டர், 'ஒரு ஆளுக்கு எதுக்கு இத்தற காலு, சீட்டுக்கு அடியில மடக்கி வையும்' என்று சத்தம் போட்டார். 'மலையாளத்து நண்டு போல இருக்கு' என்றார் அப்பா, போனுக்குள்ளிருந்து. அஸ்வதி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே போனாள். வடசேரியில் கடைக்காரர் ஒரு ஜோடி எடுத்துப் போட்டார். நண்டு, 'இது போராது' என்றது. இன்னொரு ஜோடி. 'போராது.' கடைக்காரருக்கு வேர்த்தது. நண்டுக்குப் பஸ் போய்விடுமே என்று கவலை. எனக்குத் தெரியாத இடங்கள் எல்லாம் வந்தன. நண்டுக்கு வீட்டில் ஒரு குஞ்சு காத்துக்கொண்டிருந்தது. அதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"கடசீல கடைக்காரரு பறஞ்சாரு, அம்மா தாயே, உனக்கு எத்தற செருப்புதான் வேணும்?" அஸ்வதி நிறுத்தினாள். "மக்களே, ஞண்டுக்கு எத்தற செருப்பு வேணும்?"

மழை மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள்.

அப்பாவின் உதடு அசைந்தது. "எட்டு" என்றார். போனுக்குள்ளும் அவர் அதே நேரத்தில் "எட்டு" என்றார்.

"மாமா, நீங்க பறயப்பிடாது" என்றாள் அஸ்வதி. "பிள்ள பறயட்டு."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். கைக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. நான் அவர் முழங்காலில் கை வைத்தேன். வைகா தரையிலிருந்து தலையைத் தூக்காமல், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணத் தொடங்கினாள்.